கட்சி நிறம் இல்லாத மறைப்பு

கிளைச் சிறையை விட்டு வெளியே வந்து, தார்ச்சாலை ஓரமாகக் கள்ளக்குறிச்சியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். வாசலில் திருப்பிக் கொடுத்த செருப்புகளில் ஒன்று என்னுடையது, மற்றது வேறு யாருடையதோ. இரண்டுமே இடது கால். போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் சிறைக்குத் திரும்பிப் போவதற்குச் செருப்பை விட நல்ல காரணம் வேண்டும் அல்லவா? அப்படி ஒரு காரணம் என்னிடம் இருந்தது. அதற்கு முதலில் ஒரு மறைப்பு கிடைக்க வேண்டும்.

எந்த ஊர்க் கிளைச் சிறை என்று சொல்லப்போவதில்லை. அதைப் பற்றி ஏற்கெனவே தேவைக்கு மேல் பேசிவிட்டார்கள். கள்ளக்குறிச்சிக்கு நடந்து போகக்கூடிய தூரம் என்பது போதும். நான் உள்ளே போனதும் பெரிய கதை இல்லை. பேருந்து நிலையத்தில் படுத்திருந்தவனை எழுப்பி, எந்த ஊர், என்ன வேலை, வீடு எங்கே என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பாதிப் பாதிப் பதில்தான் இருந்தது. ஏழாவதோடு படிப்பை விட்டவன். பரீட்சையிலும் அப்படித்தான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் வெளியே அனுப்பினார்கள், இங்கே உள்ளே அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் கோர்ட்டில் போகச் சொன்னார்கள், வந்துவிட்டேன்.

வாசல் கதவைத் திறந்துவிட்ட வார்டர் சொன்னது இதுதான்:

"யோவ், நல்லா கேட்டுக்கோ. படம் இருக்கக் கூடாது. எழுத்து இருக்கக் கூடாது. எந்தக் கட்சிக் கலரும் இருக்கக் கூடாது. அந்த மாதிரி ஒரு மறைப்பு கொண்டாந்து குடு. நானே கட்டிவுட்டுடறேன். இல்லன்னா உங்க மலைக்காரு பட்டினி கெடந்தே ஆஸ்பத்திரிக்குப் போவாரு. அங்கியும் பக்கத்துல ஒரு போலீஸ் நிக்கும். அங்கியும் சாப்புட மாட்டாரு."

மலைக்காரர் என்றது எங்கள் அறையில் இருந்தவரை. மலை மேல், கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். காட்டில் மரம் வெட்டினார் என்று வழக்கு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கொசு, புழுக்கம், வேகாத சோறு எதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. "மழைல ஒழுகாத வூட்ல இப்பதான் தூங்கறன்" என்றுகூடச் சொன்னார். அவருடைய கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். அது அறையின் மூலையில் இருந்தது.

கழிப்பிடத்துக்குக் கதவு கிடையாது. மூன்று பக்கம் முழுச் சுவர், முன்பக்கம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர். உள்ளே உட்கார்ந்தவர் எதிரில் இருப்பவருக்கு வணக்கம் சொல்லலாம், விலைவாசி பேசலாம். கைதி என்ன செய்கிறான் என்று எப்போதும் தெரிய வேண்டுமாம், அதனால் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அது ஒரு விஷயமே இல்லை. ரயில் பாதை ஓரத்தில் உட்கார்ந்து பழகியவன் நான். ரயில் வந்தால் எழுந்து நிற்கும் மரியாதையைக்கூட எப்போதோ விட்டாயிற்று.

மலைக்காரர் அப்படி வளரவில்லை. காலையில் ஓடைப்பக்கம் இறங்கும்போது, வழியெல்லாம் கனைத்துக்கொண்டே போவாராம். முன்னால் போன ஒருவர் அங்கே இருந்தால் அவரும் பதிலுக்குக் கனைப்பார். இவர் உடனே வேறு பக்கம் திரும்பிவிடுவார். "எங்கூர்ல அப்பன் புள்ளய பாத்ததில்ல, புள்ள அப்பன பாத்ததில்ல" என்றார். வந்த முதல் நாள், அதே பழக்கத்தில் மூலைக்குப் போய் நின்று பலமாகக் கனைத்தார். என்னவோ ஏதோ என்று அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவரையே பார்த்தோம்.

அப்படியே திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து சோற்றைக் குறைத்தார், பிறகு தொடவே இல்லை. எதுவும் உள்ளே போகாவிட்டால் எதுவும் வெளியே வர வேண்டியதில்லை என்பது அவர் யோசனை. கண் உள்ளே போனது. எழுந்து நின்றால் சுவரைப் பிடித்தார்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "போண்ணா, ஒருத்தரும் பாக்கல" என்றோம். போனார். அறை அவ்வளவு அமைதியாக என்றைக்குமே இருந்ததில்லை. கொஞ்ச நேரம் பொறுத்த ஒருவன், அக்கறையாகத்தான், "ஆச்சாண்ணா?" என்று கேட்டுவிட்டான். முடிந்தது. வயிறு மூடிக்கொண்டது.

பிறகுதான் வார்டர் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கொண்டுவந்தார். நம் பக்கம் பேனருக்கு இரண்டு பிறவி. பிறந்தநாள், கல்யாணம், தலைவர் வருகை என்று முதல் பிறவி சில நாளில் முடிந்துவிடும். ஆட்டுக்கொட்டகைக் கூரை, மிளகாய் காயப்போடும் விரிப்பு, விறகு மூடி என்று இரண்டாவது பிறவிதான் வருஷக்கணக்கில் ஓடும். யாரும் அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. வார்டரும் பக்கத்தில் செங்கல் மூடியிருந்ததை உருவிக்கொண்டு வந்து, கயிறு கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் பார்த்தார். ஒரு தலைவர். ஆளுயரம். கை கூப்பி, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார், உள்பக்கம் பார்த்து.

மலைக்காரர் ஆசையோடு உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்தார்.

"உள்ள ஒருத்தரு கும்புட்டுக்கினு நிக்கிறாரு. அவுரு நின்னுக்கினு கும்புடறப்ப நான் குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

பேனரைத் திருப்பிக் கட்டினோம். இப்போது தலைவர் நாங்கள் சாப்பிடும்போது எங்களைக் கும்பிட்டார். "ஓட்டு கேக்க வந்திருக்காரு, நீ பாட்டுக்கு துன்னு" என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். அன்றைக்கு மலைக்காரர் மூன்று பேர் சோற்றைச் சாப்பிட்டார்.

அந்த நேரத்தில்தான், ஊரில் இருந்த நற்பணி மன்றத்தார் எங்களுக்கு ஒரு கேரம் போர்டு கொடுக்க வந்தார்கள். விளையாட்டு மனதைத் திருத்தும் என்று அவர்களில் ஒருவர் பேசினார். கேரம் ஆடித் திருந்தியவனை நான் பார்த்ததில்லை. சிவப்புக் காயை உள்ளங்கையில் மறைக்கப் பழகியவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படம் ஊரில் எல்லார் செல்போனிலும் ஏறியது. முன்னால் கேரம் போர்டு, நடுவில் எங்கள் முகங்கள், பின்னால் மூலையில் கை கூப்பியபடி தலைவர்.

எங்கள் அறையில் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்வதாக மாமியார் வீட்டில் சொல்லிவைத்திருந்தான். படத்தில் அவன் முகம்தான் பளிச்சென்று விழுந்திருந்தது. பார்க்க வந்த மச்சான், கம்பிக்கு வெளியே நின்று, "இன்னா மாமா, திருப்பூர்ல கேரம்லாம் குடுக்கறாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். இவன் இரண்டு நாள் போர்வையை முகத்தில் இருந்து எடுக்கவில்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் முகத்தைப் படம் எடுத்தார்களே என்று எந்தக் கட்சியும் கூட்டம் போடவில்லை.

மற்றதற்கெல்லாம் போட்டார்கள். எங்கள் தலைவரைக் கழிப்பிட வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு கட்சி சாலையில் உட்கார்ந்தது. திருடனுக்குக் கேரமா, இன்றைக்குக் கேரம், நாளைக்கு டிவி, நாளன்றைக்கு ஏசி என்று எதிர்க் கட்சி மேடை கட்டியது. ஒலிபெருக்கி எங்கள் சுவரைப் பார்த்தே இருந்ததால் இரண்டு பேச்சையும் சோறு தின்றபடி கேட்டோம். அந்த இரண்டு கட்சிக்காரர்களும் என் வாழ்நாளில் முதல் முறையாக ஒத்துப்போனார்கள்: மறைப்பையும் எடு, போர்டையும் எடு.

முதலில் பேனர் போனது. கட்சிக்காரர்கள் வாசலுக்கு வந்து அதன் மேல் பன்னீர் தெளித்து, மாலை போட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம். அப்புறம் கொஞ்ச நாள் கேரம் போர்டைத்தான் கதவாக வைத்துக்கொண்டோம். மலைக்காரர் உள்ளே போனதும், நானும் திருப்பூர்க்காரனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குட்டைச் சுவர் மேல் போர்டைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொள்வோம். "ண்ணா, கை கடுக்குது. சீக்கிரம் காய போடுண்ணா" என்று திருப்பூர்க்காரன் கத்துவான். மலைக்காரர் உள்ளே இருந்து சிரிப்பார். சிரித்தால் நல்ல அறிகுறி.

ஒருநாள் சோதனைக்கு வந்த அதிகாரி, "இன்னும் கேரம் ஆடறீங்களாடா?" என்று கேட்டார்.

"ஆடலீங்க சார். கதவுங்க சார்" என்றேன்.

அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்? போர்டு ஆபீஸ் அறைக்குப் போனது. மலைக்காரர் மறுபடியும் தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். நான் வெளியே வந்த காலையில் அவர் எழுந்து உட்காரவும் இல்லை. படுத்தபடியே கையை மட்டும் ஆட்டினார்.

அதனால்தான் இரண்டு இடது கால் செருப்போடு அவ்வளவு வேகமாக நடந்தேன்.

வழியில் ஒரு டீக்கடை. கையில் காசில்லை. கடை நடத்திய அக்கா, குவிந்து கிடந்த கண்ணாடி டம்ளர்களைக் காட்டினார். கழுவி வைத்தேன், டீ கொடுத்தார். பெஞ்சில் கரைவேட்டி கட்டிய ஒருவர் செல்போனில் எங்கள் படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்களுக்கே கக்கூஸுக்குக் கதவு இல்ல. இந்தத் திருட்டுப் பசங்களுக்கு மறைப்பு கேக்குதாக்கா?"

"அப்ப ஸ்கூலுக்குக் கதவு போடச் சொல்லுய்யா" என்றார் அக்கா. "ஜெயில்ல புடுங்கினா ஸ்கூல்ல மொளைக்குமா?"

"அதில்லக்கா. தப்பு பண்ணவனுக்கு வலிக்கணும்."

"வலிக்கட்டும். வலிக்கறத இன்னாத்துக்கு நீ எதிர்ல குந்திக்கினு பாக்கணும்ன்ற?"

கரைவேட்டி பேச்சை மாற்ற என் பக்கம் திரும்பினார். "நீ எங்கருந்துப்பா வர்ற?"

சொன்னேன். அவர் செல்போனை எனக்கு எட்டாத பக்கத்துப் பையில் போட்டுக்கொண்டார். படத்தை ஞாபகத்தில் வைத்து என் முகத்தைச் சரிபார்த்தார்.

"நீயும் கேரம் ஆடுனியா?"

"ஆடலீங்க. புடிச்சிக்கினு நின்னேன்."

மலைக்காரர் விஷயத்தை இருவரிடமும் சொன்னேன். அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு பழைய புடவையை எடுத்து வந்தார். மஞ்சளில் பச்சைக் கரை.

"இது ஆவாது" என்றார் கரைவேட்டி. "அது அவுங்க கலரு."

"யோவ், எங்க அண்ணன் பொங்கலுக்கு எடுத்துக் குடுத்ததுய்யா."

"யாரு எடுத்தா இன்னா? பாக்கறவன் அண்ணன் எடுத்துக் குடுத்தான்னா நெனப்பான்? நாளைக்கே போட்டோ போட்டு, ஜெயில்ல கொடி கட்டிட்டான்னு ஆரம்பிச்சிருவானுங்க."

அதற்குமேல் அவரால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று விளக்கினார். சிவப்பா, அதற்கு ஆள் இருக்கிறது. நீலமா, இருக்கிறது. காவியைக் கேட்கவே வேண்டாம். கருப்பு கட்டினால் கருப்புக்கொடி காட்டினான் என்று என் மேலேயே இன்னொரு வழக்கு வரும். வெள்ளை எல்லாக் கட்சி வேட்டியிலும் இருப்பதால் எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். காக்கி கட்டினால் போலீஸை அவமானப்படுத்தியதாக ஆகும். ஒவ்வொரு நிறத்தையும் அவர் தள்ளத் தள்ள, என் கண் முன்னால் மலைக்காரரின் கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"மண்ணு கலரு?" என்றார் அக்கா.

கரைவேட்டி வானத்தைப் பார்த்தார். விரல் விட்டு எதையோ எண்ணினார்.

"மண்ணு கலர்ல இன்னும் எவனும் ஆரம்பிக்கல" என்றார் கடைசியில். கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார்.

மண் நிறத்தில் எனக்குத் தெரிந்தது கோணிச் சாக்குதான். கள்ளக்குறிச்சிக்குப் போய்த் தேடினால், சாக்கு என்று இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். யூரியா சாக்கில் எழுத்து. சிமெண்ட் சாக்கில் யானை. அரிசிச் சாக்கில் சாமி. சாமியை அங்கே கட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. சந்தைப் பக்கம் சுற்றி, மலைச் சரக்கு எடுக்கும் ஒரு மண்டியில் புளி வந்த கோணிகள் அடுக்கியிருந்ததைக் கண்டுபிடித்தேன்.

மண்டிக்காரர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாலு சாக்கு வேண்டும், காசு இல்லை, விஷயம் இது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"கோணி சும்மா வராதுப்பா. இப்பல்லாம் கெடைக்கறதே கம்மி" என்றார். "காலைல லாரி கரியாலூர் போவுது. மரவள்ளிக் கெழங்கு ஏத்தணும். மூட்ட தூக்கறியா?"

"தூக்கறங்க."

"ஜெயில்ல இருந்து வரேன்ற. ஓடிட மாட்டியே?"

"இந்தச் செருப்புல எங்கங்க ஓடறது?"

காலைப் பார்த்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார். சாக்கோடு கோணி ஊசியும் சணலும் தந்தார். அங்கேயே உட்கார்ந்து நாலையும் பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தேன். தையல் கோணல்தான், ஓட்டை இல்லை. தலையில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தேன். டீக்கடையில் கரைவேட்டி என்னை நிறுத்தினார். இரண்டு பக்கமும் திருப்பி, நகைக்கடைக்காரர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்க கட்சி சார்புல ஆட்சேபணை இல்ல" என்றார். அக்கா அவர் முதுகில் துண்டால் ஒன்று போட்டார்.

சிறை வாசலில் வார்டர் வாங்கினார். அதிகாரியும் வந்தார். கோணியின் ஓரத்தில் எப்போதோ குத்திய நீல முத்திரை ஒன்று பாதி அழிந்து இருந்தது.

"எழுத்து இருக்குதே" என்றார் அதிகாரி.

"எடைங்க சார்" என்றேன்.

"எடைன்னா பரவால்ல. உள்பக்கமா போடு." கொஞ்சம் யோசித்தார். "யாராச்சும் வந்து இன்னான்னு கேட்டா மறைப்புன்னு சொல்லாதீங்க. வெய்யிலுக்குக் கட்டினதுன்னு சொல்லுங்க."

அந்த மூலைக்கு வெய்யில் வந்ததே இல்லை. வார்டர் "சரிங்க சார்" என்று சொல்லிக் கோணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் எதிரில் இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை. ஆனாலும் என்ன ஆயிற்று என்று தெரியாமல் எப்படிப் போவது? கோணியைப் பார்த்துவிட்டு அவர் வேறு ஏதாவது குறை சொன்னால்? வயிறு இத்தனை நாளில் மறந்தே போயிருந்தால்?

பொழுது சாயும் நேரத்தில் வார்டர் வெளியே வந்தார். நடந்து வரும்போதே தோள் குலுங்கியது.

"இன்னா சார்?"

"உள்ள போனவரு வெளியவே வர மாட்டேன்றாருய்யா. மீதிப் பேரு சொம்ப கையில வச்சிக்கினு லைன்ல நிக்கிறானுங்க. நீங்க யாரு என்ன வெரட்டறதுக்குன்ற மாதிரி சௌக்கியமா குந்திக்கினு இருக்காரு."

"சாப்புட்டாரா?"

"வரட்டும் மொதல்ல. வந்தாருன்னா சட்டியோட கேப்பாரு போலக்குது."

அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. மண்டிக்குத் திரும்பி, மீதி இருந்த சாக்குகளின் மேல் படுத்தேன். புளி வாடைக்கு எறும்பு வந்தது. இதைவிட மோசமான படுக்கையில் எல்லாம் தூங்கியிருக்கிறேன்.

காலையில் லாரியில் ஏறினேன். மலை ஏறும் வளைவுகளில் எல்லாம் காலி லாரி எங்களைப் பொரி மாதிரி குலுக்கிப் போட்டது. கரியாலூரில் சாலை ஓரமாகக் கிழங்கு மூட்டைகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். நான் கீழே இருந்து முதுகில் வாங்கி, பலகை வழியாக லாரிக்குள் கொண்டுபோய்ப் போட வேண்டும். இரண்டாவது மூட்டைக்கே பலகையில் பாதியில் நின்றுவிட்டேன். உள்ளே இருந்த நாட்களில் உடம்பு வேலையை மறந்திருந்தது.

இளைப்பாற நின்றபோது அங்கே இருந்தவர்களிடம் மலைக்காரரின் ஊரைச் சொல்லி, அங்கிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். வரிசையின் கடைசியில், தன் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தார்.

"அந்த ஊருல யாருங்க வேணும்?"

மரம் வெட்டின வழக்கில் உள்ளே இருப்பவர், அவரோடு ஒரே அறையில் இருந்தேன் என்றேன்.

"நான் அவரு சம்சாரம்தாங்க."

சுற்றிலும் பார்த்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி என்னைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாக வரச் சொன்னார். சாப்பிடுகிறாரா, அடித்தார்களா, எப்போது விடுவார்கள் என்று கேட்பார் என நினைத்து, ஒவ்வொன்றுக்கும் பதிலை மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

"வெளிக்கிப் போறாருங்களா?" என்றார்.

"போறாருங்க. மறைப்பு கட்டியாச்சு."

"நாலு பக்கமுமா?"

"மூணு பக்கம் செவுரு இருக்குதுங்க. ஒரு பக்கம்தான் தொறந்து கெடந்துச்சு. கோணி தெச்சிப் போட்டிருக்குது."

"அப்ப சரி. இனிமே சாப்புட்டுக்குவாரு" என்றார். முகத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்துக்கொண்டு, தன் மூட்டையிடம் போய் அதன் வாய்க்கட்டை இன்னும் இறுக்கினார்.

"குனிங்க" என்றார். குனிந்தேன். இன்னொருவர் ஒரு கை கொடுக்க, மூட்டையைத் தூக்கி என் முதுகில் வைத்தார். மற்றவர்களுடையதைவிடக் கனம். பலகையில் கால் வைத்தேன். லாரி இன்னும் பாதிகூட நிறையவில்லை.